மனம் நிறைந்த பின் வெளியிடுக

அமெரிக்காவில் எனக்கு யாரும் இல்லை. இந்த வேலைக்கு நான் தேர்வானதற்கு அது ஒன்றுதான் காரணம்.

விண்ணப்பத்தின் நான்காம் பக்கம் முழுக்க அதே கேள்விதான். அந்த நாட்டில் மகன் உண்டா, மகள் உண்டா, உடன்பிறந்தவர், மருமகன், நிச்சயித்து நின்றுபோன மாப்பிள்ளை, நிலம், வீடு, ஓட்டு ஏதாவது உண்டா? ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனேன். அம்பாசமுத்திரத்தில் பட்டம் வாங்கிய, ஆங்கிலம் தெரிந்த, கண்பார்வை நன்றாக உள்ள, அமெரிக்காவில் ஒரு சித்தப்பா மகன்கூட இல்லாத நாற்பது பெண்களைத் தேடிப் பிடிக்க, ஆள் எடுத்தவர்களுக்கு ஏழு மாதம் பிடித்ததாம். முப்பத்தெட்டு வயதுவரை என்னிடம் இல்லாதவற்றைக் கல்யாண வீடுகளில் எல்லாரும் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றையே தகுதி என்று ஓர் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பாத்திரக் கடை மாடியில் எங்கள் நிலையம். முதல் நாள் மேலாளர் சங்கரபாண்டியன் சார் பாடம் எடுத்தார்.

“ரொம்ப லேசான விஷயம்தாம்மா. அந்த நாட்டுச் சட்டத்த யாரு வேணாலும் காசில்லாம படிக்கட்டும்னு ஒரு தளம் வச்சாங்க. நல்ல காரியந்தான். ஆனா எழுதிப் போட மெஷின விட்டாங்க. அந்த மெஷினு, சட்டத்துல இல்லாத பிரிவையெல்லாம் இருக்குன்னு போட்டுட்டு. ஒரு ஊர்ல பாதிப் பேரு, இல்லாத சட்டத்துக்குப் பயந்து வீட்டு வேலிய இடிச்சிட்டான்.”

“அடப்பாவமே,” என்றாள் என் பக்கத்து நாற்காலி பியூலா. மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்துவிட்டு வந்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள்.

“அதுக்கப்புறம் புதுசா ஒரு ஏற்பாடு. தளத்துல வராத சட்டம், சட்டமே இல்ல. வந்த நொடியிலேருந்துதான் செல்லும். வாரதுக்கு முன்னால ஒரு மனுஷப்பிறவி, மொத வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் கண்ணால படிச்சுட்டு, கையால பட்டன அழுத்தணும். அந்த ஆளுக்கு அந்த நாட்டோட ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது.”

“அது நாங்களாக்கும்,” என்றாள் பியூலா.

“நீங்கதான். இறுதி வாசகர். நீங்க அழுத்தலைன்னா அங்க சட்டம் பொறக்காது, பாத்துக்கிடுங்க.”

சார் எங்களைப் பெருமைப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். நான் மேசைமேல் இருந்த கையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை எந்த மேடையிலும் சொல்லுவேன். நம்பிக்கை என் விரலுக்குத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை ஒரு விதியைப் படித்து முடித்தேன். மணி பத்து நாற்பது. விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன். அது போகவில்லை. சரி, இன்னொரு தடவை படிப்போம் என்று படித்தேன். பதினொன்று பத்து. அப்போதும் போகவில்லை. பன்னிரண்டு ஆனதும் தானாகவே போனது. எங்கோ முகம் தெரியாத ஊரில், நாய்க்குக் கழுத்துப்பட்டை கட்டாயம் என்ற சட்டம் நல்ல நேரத்தில் பிறந்தது.

ஆறு ஆண்டுகள் இப்படிப் போயின. தினமும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன வெங்காயத்தை உரிப்பேன். சாயங்காலச் சமையலுக்கு ஆகும். பியூலா பார்த்துச் சிரிப்பாள்.

“அக்கா, அமெரிக்காக்காரனுக்கு ஏது ராகு, ஏது கேது? அவனுக்கு இப்ப நேத்து ராத்திரி.”

“அவனுக்கு இல்லட்டி. எனக்கு.”

“உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லங்கீங்களே?”

நான் அடுத்த வெங்காயத்தை எடுப்பேன். யோசித்துப் பார்த்தால், என் சொந்த விஷயம் எதற்கும் நான் நேரம் பார்த்ததில்லை. பார்க்கும்படியாக எதுவும் நடக்கவில்லை. இன்னொருவருக்கு ஏதோ தொடங்கப்போகிறது என்றதும்தான் எனக்குள் ஒருத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டு, ‘இரு, கொஞ்சம் பொறு’ என்கிறாள். அவள் யார் என்று ஒருநாளும் நான் நேராகத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு கழுதை வந்துதான் பார்க்க வைத்தது.

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வில்லோ பெண்ட் என்று ஒரு சிறு கவுன்டி, நம் தாலுகா மாதிரி. வியாழக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஒரு விதி போட்டார்கள்: ஊர் எல்லைக்குள் குளம்புள்ள விலங்குகளை வளர்க்கக் கூடாது, விதி நடைமுறைக்கு வருவதற்குள் பதிவு செய்துகொண்ட விலங்குகள் மட்டும் ஆயுள் முழுக்க இருக்கலாம். நமக்கு அப்போது வெள்ளி காலை. விதி என் மேசைக்கு வந்தது. பத்து முப்பத்து நான்குக்குப் படித்து முடித்தேன். பன்னிரண்டு ஒன்றுக்கு அழுத்தினேன். இடையில், நம் கணக்குக்குப் பதினொன்று பத்துக்கு, லொரெட்டா ஃபின்ச் என்ற அறுபத்தாறு வயது அம்மாள் தன் கழுதையை இணையத்தில் பதிவு செய்துவிட்டார். கழுதையின் பெயர் செனட்டர்.

பதிவு செல்லாது என்றது கவுன்டி. பத்து முப்பத்து நான்குக்கே வந்திருக்க வேண்டிய சட்டம். வாசகர் காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாமதத்தில் நுழைந்த கழுதை, கழுதையே அல்ல. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, அதாவது அங்கே வெள்ளி மாலை எட்டுக்கு, வண்டி வந்து செனட்டரை ஏற்றிக்கொண்டு போகும் என்று ஆணை. வயதான கழுதைகளை ஏற்றிப்போகும் இடத்திலிருந்து எதுவும் திரும்பி வருவதில்லையாம். லொரெட்டா நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் அந்த வெள்ளி மாலை ஐந்துக்கு விசாரணை வைத்து, சாட்சிக்கு என்னை அழைத்தது.

சங்கரபாண்டியன் சார் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

“ஒரு கழுதைக்காகவாம்மா நாப்பது பேரு வேல போவணும்? நீ ஒண்ணும் யோசிக்காத. கரண்ட் போயிட்டுன்னு சொல்லிரு.”

“ஒன்றரை மணி நேரமா சார்? ஜெனரேட்டர் இருக்குன்னு ஒப்பந்தத்துலயே போட்டிருக்கே.”

“அப்ப திரும்பத் திரும்பப் படிச்சேன்னு சொல்லு. கழுதைக்குக் குளம்பு உண்டா இல்லையான்னு சந்தேகம் வந்துட்டுன்னு சொல்லு.”

“கழுதைக்குக் குளம்பு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும் சார்.”

“அமெரிக்காக் கழுதைய நீ பாத்திருக்கியா?”

பொய் சொன்னால் நிலையம் பிழைக்கும், கழுதையும் பிழைக்கும். உண்மை சொன்னால் இரண்டும் போகலாம். எல்லாரும் பொய்யின் பக்கம் நின்றார்கள். நானும் அங்கேதான் நின்றேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் திரையில் நீதிமன்றம் வந்தது. நீதிபதி மார்ஷா கீன் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கவுன்டி வக்கீல் ஹால்வர்சன் ஆறடிக்கு மேல் இருப்பார். மூன்றாவது கட்டத்தில் லொரெட்டா தன் கொட்டகையிலிருந்தே பேசினார். அவருக்கு வக்கீல் இல்லை. தோளுக்குப் பின்னால் சாம்பல் நிறக் காது ஒன்று அவ்வப்போது வந்து போனது. சாட்சி தாய்மொழியில்தான் சொல்ல வேண்டுமாம். மொழிபெயர்ப்புக்கு ஒரு மெஷின். அது எந்தக் காலத்து வானொலியைக் கேட்டுத் தமிழ் கற்றதோ தெரியவில்லை.

“அம்மையீர்,” என்றார் ஹால்வர்சன், மெஷினின் குரலில். “முற்பகல் பத்து முப்பத்து நான்கு முதல் நண்பகல் பன்னிரண்டு ஒன்று வரை தாங்கள் யாது புரிந்தீர்?”

காமிராவுக்குப் பின்னால் சார் இரண்டு கைகளையும் விரித்து மூடி விரித்து மூடி மின்வெட்டை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் என் விரல்களைப் பார்த்தேன்.

“வெங்காயம் உரிச்சேன்.”

ஹால்வர்சன் தன் காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தார்.

“எதன் பொருட்டு?”

“சாம்பாருக்கு.”

“சாம்பாருக்காகவா ஒரு கவுன்டியின் சட்டத்தை நிறுத்தி வைத்தீர்?”

“இல்லங்க. நிறுத்தினது ராகு காலத்துக்காக. சும்மா உக்காந்திருக்க முடியாம வெங்காயம் உரிச்சேன்.”

மெஷின் திணறிவிட்டு ஏதோ சொன்னது. பியூலா தலையில் கை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். “நிழல் கிரகத்தோட நேரம்னு சொல்லுது அக்கா. போச்சு.”

நீதிபதி முன்னால் சாய்ந்தார். “எந்தக் கோள்?”

“அது கண்ணுக்குத் தெரியாதும்மா.”

“எனில் அது இருப்பது தங்களுக்கு எங்ஙனம் தெரியும்?”

“தெரியாது. எனக்கு நம்பிக்கையும் கிடையாது.”

“நம்பிக்கை இல்லாத ஒன்றுக்காகவா காத்திருந்தீர்?”

பியூலாவின் கேள்விதான். ஆனால் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. உள்ளே போய்த் தேட வைக்கிறது. தேடினேன். “ஒரு காரியம் ஆரம்பிக்குது, ஏதாவது தப்பாப் போயிட்டா நம்ம கையால போயிரக் கூடாதேன்னு இருக்கும்மா. பொறுத்துப் பண்ணுனா அந்தப் பயம் கொஞ்சம் அடங்கும். மனசு நெறையல. அவ்வளவுதான்.”

சார் கையால் நடிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

ஹால்வர்சன் சிரித்தார். “வேறு வினா இல்லை. காரணமற்ற தாமதம் என்பதைச் சாட்சியே ஒப்புக்கொண்டார்.”

அப்போது லொரெட்டா கையைத் தூக்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளைத் திரைக்கு அருகே காட்டினார். “பிரிவு பதினேழு, நீதிபதி அவர்களே. இலவசத் தளத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து நானே தேடினேன். ‘இறுதி வாசகர், தம் மனம் நிறைந்த பின் வெளியிடுக.’ வாசித்த பின் என்று இல்லை. மனம் நிறைந்த பின். அவருடைய மனம் பன்னிரண்டு ஒன்றுக்குத்தான் நிறைந்தது. சட்டம் அப்போதுதான் பிறந்தது.”

பின்னாலிருந்து செனட்டர் நீளமாகக் கத்தியது. ‘பேச்சு தெளிவாக இல்லை’ என்று மெஷின் எழுதிக் காட்டியது.

பியூலா என் தொடையைக் கிள்ளினாள். “அக்கா, நம்ம நிலையத்து விதி! நாமளே ஒருநாளும் படிக்கலியே.”

ஹால்வர்சன் அசரவில்லை. “நல்லது. எனில் அந்த மனம் வேறு எதற்கெல்லாம் நிறையாமல் இருந்தது என்பதையும் இம்மன்றம் அறியட்டும்.” ஒரு பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். ஆறு ஆண்டுத் தாமதங்கள். புல் உயரம், எண்பது நிமிடம். ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டுச் சத்தம், எழுபத்தைந்து நிமிடம். தேவாலய மணி. படகுத்துறை விளக்கு. சார் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நீதிபதியின் உதடும் துடித்தது. ஹால்வர்சன் அதே குரலில் தொடர்ந்தார்.

“பழைய அபராதங்களுக்காகச் சிறையில் இருந்த பதினொரு பேரை, சட்டம் நடைமுறைக்கு வந்த உடனே விடுவிக்கும் திருத்தம். எண்பத்து நான்கு நிமிடம்.”

யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் திருத்தம் எனக்கு நினைவில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. படித்திருப்பேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். பிறகு வெங்காயப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். ஒன்றன்பின் ஒன்றாக, தோல் சிந்தாமல். ஏதாவது தப்பாகப் போய்விடக் கூடாதே என்று அத்தனை பொறுமையாக.

“சாட்சிக்குச் சொல்ல ஏதேனும் உண்டா?” என்றார் நீதிபதி.

“அந்தப் பக்கம் ஆளு இருக்கும்னு எனக்குத் தோணல,” என்றேன். “அமெரிக்காவுல எனக்கு யாரும் இல்லன்னுதானே என்னை எடுத்தாங்க. யாருமே இல்லன்னு நெனச்சிட்டேன்.”

நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்தார். பிரிவு பதினேழு தெளிவாக இருக்கிறது. மனம் எதனால் நிறைய வேண்டும் என்று அது கேட்கவில்லை. பதிவு செல்லும், கழுதை இருக்கலாம். வாசகர் மீதும் நிலையத்தின் மீதும் குற்றமில்லை. சார் ஒரு நாற்காலியைக் கட்டிப்பிடித்தார். “தங்களை என்னால் கண்டிக்க இயலாது,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் நீதிபதி. “விதி தங்கள் பக்கம் உள்ளது. என் கவலையே அதுதான்.”

கடைசியாக ஒன்று சொன்னார். இந்தத் தீர்ப்பும் மற்ற எல்லாவற்றையும் போலத் தளத்தில் வந்த பிறகே செல்லும். எட்டு மணிக்குள் வராவிட்டால் பழைய ஆணைப்படி வண்டி தன் வேலையைச் செய்யும்.

தீர்ப்பு எங்கள் நிலையத்துக்கு வந்தபோது மணி ஒன்பது ஐந்து. சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை.

நான் சாட்சி என்பதால் இதில் கை வைக்கக் கூடாது. அந்நேரத்துக்கு நிலையத்தில் வேறு வாசகர் பியூலா மட்டும்தான். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. சர்ச்சில் பாடல் குழுவில் இருப்பவள். திருமணத்தையே ராகு காலத்தில்தான் செய்துகொண்டாள். நாலு பக்கத் தீர்ப்பை எட்டு நிமிடத்தில் படித்து முடித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரலைத் தூக்கினாள். தூக்கிய விரலைப் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து, தன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மடியில் வைத்தாள்.

பூண்டு.

“ஏட்டி, என்ன செய்யுத?”

“மணி ஒம்பது பதிமூணு அக்கா.”

“அதுக்கு?”

“ராகு காலம்லா.”

“நீ சர்ச்சுக்குப் போறவட்டி!”

“ஆறு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்லா,” என்றாள் அழாத குறையாக. “விரலு போமாட்டேங்குது. நானும் ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன்.”

சார் ஓடி வந்தார். “தாயி, அழுத்திரு தாயி. உனக்குக் கும்பிடு போடுதேன்.” உடனே வாயைப் பொத்திக்கொண்டார். வாசகரை யாரும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். “நான் ஒண்ணும் சொல்லல. எனக்குக் கழுதைன்னா யாருன்னே தெரியாது,” என்று சொல்லிக்கொண்டே மாடிப்படிக்குப் போய் நின்றார்.

நீதிமன்றம் இணைப்பை மூட மறந்திருந்தது. திரையின் ஓரத்தில் லொரெட்டாவின் கொட்டகை இன்னும் தெரிந்தது. அவர் கழுதையின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு, தளம் திறந்திருந்த கைபேசியையும் வெளி வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலில் ஒரு வண்டியின் முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைபேசியை விரலால் இழுத்துப் புதுப்பித்தார். இன்னொரு முறை இழுத்தார்.

அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஆண்டுகளாக இந்தப் பக்கம் ஒரு விரல் போக மறுத்தபோதெல்லாம், அந்தப் பக்கம் இன்னொரு விரல் இப்படி இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“பியூலா,” என்றேன். “அந்தப் பதினொரு பேரு எண்பத்து நாலு நிமிஷம் என்ன செஞ்சிருப்பாங்க?”

“தூங்கியிருப்பாங்க. விடுதாங்கன்னே தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்கும். சட்டம் பாஸாயிட்டுன்னு அங்க சொல்லியிருப்பாங்க. துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டு, கதவையே பாத்துக்கிட்டு நின்னிருப்பாங்க. பூட்டத் தொறக்க வேண்டியவன், தளத்துல இன்னும் வரலையேன்னு சொல்லிக்கிட்டே இருந்திருப்பான். எங்க நிக்குது, யாரு நிறுத்துதான்னு ஒருத்தனுக்கும் தெரியாது.”

பியூலா திரையைப் பார்த்தாள். வண்டியிலிருந்து ஒருவர் இறங்கினார்.

“அழுத்துன பொறவு கழுதைக்கு ஏதாவது ஆயிட்டுன்னா?”

“நமக்கு அது தெரியவே வராது. இதுவரைக்கும் நல்ல நேரத்துல விட்டதெல்லாம் என்ன ஆச்சுன்னு மட்டும் தெரியுமாட்டி?”

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். “இயேசப்பா, நீர்தான் பாத்துக்கிடணும்,” என்றாள். மணி ஒன்பது இருபத்தாறு. பூண்டு மணக்கும் விரலால் அழுத்தினாள்.

லொரெட்டா கைபேசியைப் பார்த்தார். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வண்டியிலிருந்து இறங்கியவர் தன் கைபேசியை எடுத்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், லொரெட்டாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கழுதையின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். யாரோ நினைவு வந்து இணைப்பை மூடினார்கள்.

மாடிப்படியிலிருந்து சார் எட்டிப் பார்த்தார். “சோலி முடிஞ்சிட்டா? நான் ஒண்ணும் கேக்கல.”

பியூலா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எதுவும் இடிந்து விழவில்லை.

என் மேசையில் அடுத்தது வந்து கிடந்தது. வேறொரு மாநிலம், வேறொரு சிற்றூர். பூங்காவின் கதவை இனிமேல் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கலாம் என்ற ஆறு வரி விதி. அந்த ஊரில் கதவு மூட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. யாருக்கும் உயிர் போகிற விஷயமில்லை. எந்த வக்கீலும் பட்டியல் போட மாட்டார். ஆறு வரியையும் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ஊஞ்சலிலிருந்து இறங்க மனமில்லாமல் யாராவது இருப்பார்கள். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார்.

எனக்குள் இருப்பவள் எழுந்து உட்கார்ந்தாள். ‘இரு, கொஞ்சம் பொறு’ என்றாள். இந்தத் தடவை திரும்பி அவளைப் பார்த்தேன். பயந்துபோன முகம், என்னுடையதுதான். அவளை அடக்க என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. மனம் கொஞ்சமும் நிறையவில்லை.

அழுத்தினேன்.

பிரிவு பதினேழின்படி, ஆறு ஆண்டுகளில் நான் செய்த முதல் குற்றம் அது.